லேசர் பிரின்டருக்குள் ஓட்டைப் பேப்பர் ஏன் போகமாட்டேன் என்கிறது?

சேலத்தில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருநாள் போனில் கேட்டார்: "மேஜை மேல வைக்கிற சைஸ்ல ஒரு லேசர் பிரின்டர் வேணும். ஆனா ரெண்டு ஓரத்துலயும் ஓட்டை போட்ட பேப்பர் அதுல ஓடணும். எந்தக் கடையில கேட்டாலும் அப்படி ஒண்ணு கிடையாதுங்கறாங்க. நிஜமாவே கிடையாதா?"

கடைக்காரர்கள் சொன்னது முழு உண்மை இல்லை. ஓட்டைப் பேப்பரில் ஓடும் லேசர் பிரின்டர் ஏறக்குறைய ஐம்பது வருடமாக இருக்கிறது. விற்பனைக்கு வந்த முதல் லேசர் பிரின்டர்களே அந்த ரகம்தான். வில்லங்கம் 'மேஜை மேல' என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது.

நண்பரின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடமாக அவர் கடையில், ஊசிகளால் அடித்து எழுதும் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கிர்ர் கிர்ர் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. கடைப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், கட்டங்கள் எல்லாம் முன்கூட்டியே அச்சடித்த மூன்று அடுக்கு பில் தாள், பெட்டி பெட்டியாக மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகள் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (அரசு இணையதளத்தில் பதிவு செய்த பில்) போட்டாக வேண்டும் என்று ஆனபோது அவரும் அதற்குள் வந்துவிட்டார். பில்லில் கியூஆர் கோடு இருக்க வேண்டும். டாட் மேட்ரிக்ஸில் அது கருகிய அப்பளம் மாதிரி விழுகிறது, எந்த போனும் அதைப் படிக்கவில்லை. லேசரில் போட்டால் பளிச்சென்று வரும். ஆனால் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் தாள் லேசருக்குள் போகாது. இரண்டையும் கலந்து ஒரே பெட்டியாகக் கேட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியதில் தப்பில்லை.

இந்த இரண்டும் ஏன் ஒட்டமாட்டேன் என்கின்றன என்பது விலைப்பட்டியலைப் புரட்டினால் தெரியாது. ஓட்டை எதற்கு வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பேப்பர் ஓரத்து ஓட்டைக்குக் கம்ப்யூட்டரைவிட வயது அதிகம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் 1912-ல் ஸ்டாண்டர்ட் ரெஜிஸ்டர் என்று ஒரு கம்பெனி தொடங்கியது. தியடோர் ஷிர்மர் என்பவரின் கண்டுபிடிப்புதான் அதன் மூலதனம். கடைக்காரர் கையால் பில் எழுதும் பெட்டி அது. உள்ளே பேப்பர் அடுக்குகள், இடையில் கார்பன். கைப்பிடியைச் சுற்றினால் அடுத்த பில் மேலே வரும். அடுக்குகளை வெறுமனே உருளையால் இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு இழுப்பிலும் ஒன்று மயிரிழை முந்தும், இன்னொன்று பிந்தும். பத்துப் பதினைந்து பில் தாண்டினால் மேல்தாளில் தொகைக் கட்டத்தில் எழுதியது அடித்தாளில் வேறு கட்டத்தில் விழும். ஓரத்தில் ஓட்டை போட்டுப் பல் வைத்த சக்கரத்தில் மாட்டிவிட்டால், எல்லா அடுக்கையும் ஒரே பல் பிடித்துக்கொள்ளும். நழுவ வழியே இல்லை.

கார்பன் தாளை ஒழித்ததும் டேட்டன்காரர்கள்தான். நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனி 1950-களில் கார்பன் இல்லாத நகல் தாளைக் கொண்டுவந்தது. மேல்தாளின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் இருக்கும். அழுத்தினால் உடைந்து, அடுத்த தாளின் நெற்றியில் பூசிய பூச்சோடு சேர்ந்து நிறம் காட்டும். நண்பரின் மூன்று அடுக்குத் தாள் இந்தக் குடும்பம். (ரைட் சகோதரர்களின் ஊரும் டேட்டன்தான். ஆகாய விமானமும் பில் தாளும் ஒரே ஊர்க்காரர்களின் வேலை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.)

ஆக, ஓட்டை என்பது பல அடுக்குத் தாளை அடியோ அழுத்தமோ விழும்போது ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பிடித்து வைக்கும் ஏற்பாடு. கம்ப்யூட்டர் வந்தபோது அந்த ஏற்பாடு தயாராக இருந்தது, அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அரை அங்குலத்துக்கு ஓர் ஓட்டை, விட்டம் ஏறக்குறைய 4 மி.மீ., மடிப்பில் கிழிப்பதற்குப் பொடித் துளை வரிசை. நம்மூர் ஸ்டேஷனரி வியாபாரத்தில் இதை 10 × 12 × 3 என்பார்கள்: அகலம் 10 அங்குலம், நீளம் 12 அங்குலம், அடுக்கு 3. பெரிய அறிக்கைகளுக்கு 15 × 12 × 1. அமெரிக்காவில் நீளம் 11 அங்குலம். அங்குலத்துக்கு 6 வரி என்ற கணக்கில் அங்கே பக்கத்துக்கு 66 வரி, இங்கே 72 வரி. மென்பொருளில் 66 என்று இருந்து பெட்டியில் 12 அங்குலத் தாள் இருந்தால் ஒவ்வொரு பில்லும் முந்தையதைவிட ஓர் அங்குலம் மேலே ஏறிக்கொண்டே போகும். பில் போடும் பையன் பிரின்டரைத் தட்டிக்கொண்டு இருப்பான். பாவம், அதன்மேல் குற்றமே இருக்காது.

டாட் மேட்ரிக்ஸுக்கு இந்தத் தாள் பொருந்துவதற்குக் காரணம், அது வரி வரியாக வேலை செய்கிறது. ஊசிகள் ரிப்பன்மேல் அடிக்கின்றன, தாள் ஒரு வரி நகர்கிறது, மறுபடி அடிக்கின்றன. அடுத்த வரி வர ஒரு நொடி ஆனாலும் ஒரு நாள் ஆனாலும் அதற்குக் கவலையில்லை. எந்த வரியிலும் நிற்கும், எந்த வரியிலிருந்தும் தொடரும், வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலும் வரும். கிழிப்பதற்காகத் தாளை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த பில் வந்ததும் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும் வசதி இந்தக் குணத்தால்தான் சாத்தியமாகிறது.

லேசர் பிரின்டருக்கு நடுவில் நிற்கத் தெரியாது.

அதற்குள் நடப்பது இது. ஒளி பட்டால் மின்னேற்றத்தை இழக்கும் பூச்சு கொண்ட ஓர் உருளை சுழல்கிறது. அதை டிரம் என்கிறோம். முதலில் அதன்மேல் மின்னேற்றம் பூசப்படுகிறது. லேசர் கதிர் எழுத்து வரவேண்டிய இடங்களில் பட்டு அந்த மின்னேற்றத்தைக் குறைக்கிறது. அந்த இடங்களில் டோனர் தூள் ஒட்டுகிறது. தாள் கீழே வரும்போது தூள் தாளுக்கு மாறுகிறது. பிறகு தாள், 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுங்கிப் போகிறது. தூள் உருகித் தாளில் பிடித்துக்கொள்கிறது. இந்தக் கடைசிப் பகுதிக்கு ஃப்யூசர் என்று பெயர். மெக்கானிக்குகள் வாயில் அடிக்கடி வரும் பெயரும் இதுதான்.

சின்ன லேசர் பிரின்டர்களில் டிரம்மின் விட்டம் 24 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும். சுற்றளவு 75 மி.மீ. ஒரு ஏ4 பக்கத்தின் நீளம் 297 மி.மீ. அதாவது ஒரே பக்கத்துக்கு டிரம் நான்கு முறை சுற்ற வேண்டும். பக்கத்தின் தலை ஃப்யூசரில் வெந்துகொண்டிருக்கும்போது நடுப்பகுதி தூள் ஏறிக்கொண்டிருக்கிறது, அடிப்பகுதியை லேசர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. எல்லாம் ஒரே வேகத்தில், ஒரே ஓட்டத்தில். நடுவில் நிறுத்தினால் அந்தப் பக்கம் போச்சு.

சரி, பக்கம் முடிந்ததும் நிறுத்தலாமே? வெட்டிய தாளில் அதுதான் நடக்கிறது. ஒரு தாள் வெளியே விழுந்துவிடும், அடுத்தது தட்டில் காத்திருக்கும், நடுவில் உள்ள பாதை காலி. ஓட்டைப் பேப்பர் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி வரும் தொடர் தாளில் பாதை ஒருபோதும் காலியாகாது. முதல் பில்லின் கடைசி வரி ஃப்யூசரைக் கடந்து வெந்து வரவேண்டும் என்றால், அடுத்த பில்லின் தலைப்பகுதி அதற்குள் டிரம்மைத் தாண்டிப் போயிருக்கும். அங்கே எதுவும் அச்சாகியிருக்காது. அடுத்த பில்லை மேலிருந்து தொடங்க வேண்டுமானால் முழுச் சங்கிலியையும் பின்னால் இழுக்க வேண்டும். பின்னால் இழுக்க வேண்டுமானால் சூடான உருளைகள் இரண்டும் வாயைத் திறக்க வேண்டும். திறக்காமல் தாள் அங்கேயே நின்றால் பழுப்பேறும், சுருளும், மடிப்புத் துளையில் தளர்ந்து கிழியும். இழுக்கும் ஏற்பாடு வேண்டாம் என்றால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு வெற்றுத்தாளைத் தியாகம் செய்ய வேண்டும். வரிசை எண் அச்சடித்த பில் தாளில் அது நடந்தால் ஆடிட்டர் சும்மா இருப்பாரா?

இதற்கு மேல் இன்னும் சில சில்லறைத் தொல்லைகள். சூட்டில் தாளின் ஈரம் ஆவியாகித் தாள் கொஞ்சம் சுருங்கும். ஓட்டைகளின் இடைவெளியோ பல்சக்கரத்தில் அரை அங்குலமாகவே நிற்கிறது. ஃப்யூசர் உருளைகள் தம் வேகத்தில் இழுக்கும், பல்சக்கரம் தன் வேகத்தில் தள்ளும். இரண்டு மாட்டை ஒரே வண்டியில் பூட்டி ஆளுக்கொரு சாட்டை கொடுத்த கதை. மடிப்பு இருக்கும் இடம் லேசாகப் புடைத்து நிற்பதால் அங்கே தூள் சரியாக இறங்காது. துளைகளிலிருந்து உதிரும் காகிதத் தூசி டிரம்மில் போய்ப் படியும். டாட் மேட்ரிக்ஸில் இந்தத் தூசியை ஊதித் தள்ளிவிட்டுப் போகலாம். லேசரில் அது ஒவ்வொரு பக்கத்திலும் கோடாக வந்து நிற்கும்.

மூன்று அடுக்கு? அதைப் பேசவே வேண்டாம். லேசர் தாளைத் தொடுவது தூளால்தான். அடிப்பது கிடையாது, ஆகவே இரண்டாவது தாளில் எதுவும் விழாது. ஓட்டையின் ஆதி வேலையே அடுக்குகளைப் பிடிப்பது என்று பார்த்தோம். லேசருக்குள் நுழைந்ததும் அந்த வேலை தானாக ஒழிந்துவிடுகிறது.

இவ்வளவு தொல்லை இருந்தும் பெரிய இயந்திரங்கள் எப்படி ஓட்டின?

ஐபிஎம் 3800 என்ற இயந்திரம் 1975-ல் அறிவிக்கப்பட்டது. 1976-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வுல்வொர்த் கடைச் சங்கிலியின் கணக்கு மையத்தில் முதல் இயந்திரத்தை நிறுவினார்கள். ஓட்டைப் பேப்பர்தான் அதன் தீனி. நிமிடத்துக்கு 200 பக்கங்களுக்கு மேல் துப்பும். ஓர் அறையையே பிடித்துக்கொள்ளும் உருவம். இந்த வேகத்தில் தாளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு வெளியே தள்ளுவதைவிட, பல்சக்கரத்தில் மாட்டி ஒரே நாடாவாக இழுப்பது சுலபம். அங்கே பிரின்டர் நிற்பதே அபூர்வம். ராத்திரி தொடங்கினால் விடியும்வரை ஓடும். ஐம்பதாயிரம் பக்கத்துக்கு நடுவில் நாலைந்து தாள் வீணானால் யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்? பிற்காலத்து இயந்திரங்கள் சிலவற்றில் சூட்டு உருளையே கிடையாது. செனான் விளக்கைக் கேமரா ஃபிளாஷ் மாதிரி வெட்டி, தாளைத் தொடாமலே தூளை உருக்கிவிடுவார்கள். தாள் சுருங்குவதும் பழுப்பேறுவதும் பெருமளவு குறைந்தன. ஆனால் அந்த விளக்குக்குத் தேவையான மின்சாரத்தையும் அது கிளப்பும் வாடையை இழுக்கும் காற்றுக்குழாயையும் மேஜைமேல் வைக்க முடியாது.

மேஜைமேல் வந்த லேசர் வேறு வம்சம். அதன் தாத்தா ஜெராக்ஸ் மெஷின். 1982-ல் கேனான், டிரம்மும் டோனரும் ஒரே டப்பாவில் அடங்கிய சின்ன நகல் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அந்த யோசனையை வைத்தே அவர்கள் செய்த லேசர் எந்திரம்தான் 1984-ல் ஹெச்பி லேசர்ஜெட் என்ற பெயரில் வந்தது. நிமிடத்துக்கு 8 பக்கம், அங்குலத்துக்கு 300 புள்ளி. நகல் இயந்திரம் பிறந்ததிலிருந்து வெட்டிய தாளைத் தின்று வளர்ந்தது. ஓட்டைப் பேப்பர் பில் பெட்டியின் வாரிசு. இரண்டு குடும்பமும் ஒரே தெருவில் குடியிருந்தாலும் கொள்வினை கொடுப்பினை கிடையாது.

கல்யாணம் செய்து வைக்க முயன்றவர்கள் இருந்தார்கள். கேமராவுக்குப் பெயர்போன பென்டாக்ஸ், லேசர்ஃபோல்டு என்ற பெயரில் ஓட்டைப் பேப்பர் ஓடும் சிறிய லேசர் பிரின்டரை விற்றது. நண்பர் கேட்ட பொருளுக்கு மிகக் கிட்டத்தில் வந்தது அதுதான். லைன் பிரின்டருக்கு (ஒரு வரி முழுவதையும் சேர்த்து அடிக்கும் பெரிய பிரின்டர்) பெயர்பெற்ற அமெரிக்காவின் பிரின்ட்ரானிக்ஸ், தொடர் தாள் லேசர் பிரின்டர்களை வெகுகாலம் விற்றது. வட ஜெர்மனியின் ஃபாரெல் ஊரில் இருக்கும் மைக்ரோப்ளெக்ஸ், சாலிட் என்ற வரிசையில் இப்படிப்பட்டவற்றைச் செய்கிறது. ஆனால் இவற்றின் பெரும்பாலான மாடல்களைத் தூக்கி மேஜைமேல் வைக்க நாலு பேர் வேண்டும், வைத்தபின் மேஜை தாங்குமா என்று பார்க்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்தை மனதில் நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். மருந்து லேபிள், கார் உதிரிபாக அட்டை, கிடங்கு அடையாளச் சீட்டு என்று ஷிஃப்டு முழுக்க நிற்காமல் அச்சடிக்கும் தொழிற்சாலைகள்தான் இவற்றின் வாடிக்கை. நாளைக்கு நாற்பது பில், அதுவும் வாடிக்கையாளர் வரவர ஒவ்வொன்றாகப் போடும் கடைக்கு இல்லை.

முக்கியமான முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தொடர் தாள் லேசரின் தொல்லைகள் அத்தனையும் நிற்கும்போதும் தொடங்கும்போதும் வருகின்றன. பெரிய இயந்திரம் நிற்பதில்லை, அதனால் தப்பிக்கிறது. மேஜைமேல் இருப்பது ஒரு பில்லுக்கு ஒருமுறை நிற்கும். தொல்லை எங்கே அடர்த்தியோ அங்கே கொண்டுபோய் இந்தத் தொழில்நுட்பத்தை வைக்கச் சொல்கிறோம். கம்பெனிகள் சோம்பேறித்தனத்தால் இதைச் செய்யாமல் விட்டன என்று நான் நினைக்கவில்லை. அதே பணத்துக்கு வெட்டிய தாள் லேசர் மூன்று நான்கு வாங்கலாம் என்றால் யார் இதை வாங்குவார்கள்?

பழைய தொடர் தாள் லேசர் எங்காவது ஏலத்தில் வருகிறதே, மலிவாக இருக்கிறதே என்று சிலருக்கு ஆசை வரலாம். வாங்குவதற்கு முன் டோனரும் டிரம்மும் இப்போதும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அது பிரின்டர் கிடையாது, கூரிய முனைகள் கொண்ட இரும்பு. எந்த வயர் வழியாகப் பேசும் என்றும் பார்க்க வேண்டும். ஐபிஎம் பெருங்கணினிகளோடு மட்டும் பேசும் கேபிளோடு வந்து நிற்கும் இயந்திரங்கள் உண்டு.

இன்னொரு குறுக்குவழியும் உடனே தோன்றும். ஓரத்தைக் கிழித்து, மடிப்பில் பிரித்து, சாதாரணத் தாளாக்கி லேசர் தட்டில் வைத்துவிட்டால்? நானே ஒருமுறை ஓர் அலுவலகத்தில் மிஞ்சிய பெட்டியை வைத்து இப்படிச் செய்திருக்கிறேன், வீம்புக்காக. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் நான்கு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போய் ஃப்யூசர் வாயில் சுருண்டுகொண்டன. கிழித்த ஓரத்தின் மயிர்மயிரான நார் ஒன்றையொன்று கவ்விக்கொள்கிறது, தூசி ரப்பர் உருளையை வழுக்கலாக்குகிறது. அதற்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் ஒன்பதரை அங்குலத் தாளில் இருபுறமும் அரை அங்குலம் கிழித்தால் எட்டரை வரும், அது அவர்களுடைய லெட்டர் தாளின் அகலம், லேசரில் நுழையும். நம்முடைய 10 அங்குலத் தாளைக் கிழித்தால் 9 அங்குலம் மிஞ்சும். சாதாரண ஏ4 லேசரின் வாய் எட்டரை அங்குலத்தோடு சரி. முன்கூட்டி அச்சடித்த தாளாக இருந்தால் மையையும் பார்க்க வேண்டும். சூடு தாங்காத மை ஃப்யூசர் உருளையில் ஒட்டி, அடுத்த பத்துத் தாளிலும் கடைப்பெயரைப் பேயுருவாகக் காட்டும். கல்யாணப் பத்திரிகையில் மேடாகத் தெரிகிறதே, அந்தப் பொடி உருக்கிய அச்சை லேசருக்குள் விடவே கூடாது.

ஆகவே நண்பரிடம் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். ஓட்டை உங்களுக்கு என்ன வேலை செய்துகொடுக்கிறது?

முதல் பதில், மூன்று காப்பி. ஜிஎஸ்டி விதி 48 அப்படித்தான் சொல்கிறது: சரக்கு விற்றால் பில் மூன்று பிரதி. முதலாவது வாங்குபவருக்கு, இரண்டாவது சரக்கைக் கொண்டுபோகிறவருக்கு, மூன்றாவது விற்றவருக்கு. ஒவ்வொன்றிலும் இது யாருக்கான பிரதி என்று குறித்திருக்க வேண்டும். ஆனால் ஒரே அடியில் மூன்றும் விழுந்திருக்க வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் இல்லை. லேசரில் மூன்று முறை அச்சடித்து, மேலே உள்ள குறிப்பை மட்டும் மாற்றினாலும் செல்லும். பில் போடும் மென்பொருள்கள் அதைத் தாமாகவே செய்கின்றன. அதைவிட வேடிக்கை, அதே விதியின் ஆறாவது உட்பிரிவு. இ-இன்வாய்ஸாகப் போட்ட பில்லுக்கு இந்த மூன்று பிரதி நிபந்தனை பொருந்தாது என்கிறது. லாரியைச் சோதிக்கும் அதிகாரியிடம் இ-இன்வாய்ஸின் கியூஆர் கோடைப் போனிலேயே காட்டினாலும் போதும் என்று விதி 138ஏ சொல்கிறது. எந்தச் சட்டம் நண்பரை லேசரை நோக்கித் தள்ளியதோ, அதே சட்டம் அவருடைய மூன்று அடுக்குத் தாளின் தேவையையும் எடுத்துவிட்டது. இதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

கியூஆர் கோடு டாட் மேட்ரிக்ஸில் ஏன் உருப்படாது என்பதையும் கணக்காகவே பார்த்துவிடலாம். கடையில் பணம் வாங்க ஒட்டியிருக்கும் கியூஆர் கோட்டில் சின்னதாக ஒரு முகவரி மட்டும்தான். இ-இன்வாய்ஸ் கோட்டுக்குள் பில்லின் முக்கிய விவரங்களும், அவற்றை உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பமும் இருக்கின்றன. கையொப்பம் மட்டுமே 300 எழுத்துகளுக்கு மேல் வரும். எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு நூறு கட்டங்கள் கொண்ட சதுரம் ஆகிவிடுகிறது. 9 ஊசி பிரின்டரில் ஊசிக்கு ஊசி இடைவெளி ஓர் அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு, அதாவது 0.35 மி.மீ. ஊசியின் தடிமனும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி என்று வைத்தால் கோடு மூன்றரை செ.மீ.க்குள் அடங்கும், ஆனால் ரிப்பன் மை பக்கத்துக் கட்டத்துக்குக் கசிந்துவிடும். கட்டத்துக்கு இரண்டிரண்டு புள்ளி என்று வைத்தால் ஏழு செ.மீ. சதுரம், பில்லில் உள்ளங்கை அளவு இடம் போய்விடும். 24 ஊசி பிரின்டரில் அங்குலத்துக்கு 180 புள்ளி. கட்டத்துக்கு மூன்று புள்ளி வைத்தாலும் நாலரை செ.மீ.க்குள் வந்துவிடும். புது ரிப்பனும் முதல் தாளும் என்றால் போன் படிக்கும். மூன்றாவது தாளில் படிக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். லேசருக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி. இரண்டரை செ.மீ. போதும்.

அவருடைய இரண்டாவது பதில், அச்சடித்த படிவத்தில் எழுத்து கட்டத்துக்குள் விழுவது. லேசரில் படிவத்தை முன்னாலேயே அச்சடிக்க வேண்டியதில்லை. கட்டமும் கடைப்பெயரும் லோகோவும் பில்லோடு சேர்ந்தே வரும். போன் நம்பர் மாறினால் நாலு பெட்டித் தாளைத் தூக்கிப்போட வேண்டிய அவலமும் இல்லை. பழைய மென்பொருளில் 132 எழுத்து அகலத்துக்கு வரும் பேரேட்டு அறிக்கைகளுக்கும் வழி உண்டு. அங்குலத்துக்குப் பதினாறு பதினேழு எழுத்து விழும் நெருக்கமான எழுத்துருவில் 132 எழுத்தும் எட்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். ஆரம்பகால லேசர்ஜெட்டுகளிலேயே லைன் பிரின்டர் என்ற பெயரில் அப்படி ஓர் எழுத்துரு இருந்தது. மூக்குக்கண்ணாடி மட்டும் கொஞ்சம் பவர் ஏற வேண்டியிருக்கும்.

ஆனால் ஓட்டைப் பேப்பர் செய்யும் எல்லா வேலையையும் லேசர் எடுத்துக்கொள்ளும் என்று சொன்னால் அது பொய். எடை மேடைக்குப் போய்ப் பாருங்கள். லாரி ஏறுகிறது, எடை விழுகிறது, சீட்டு அடிக்கிறது. ஒரே அடியில் விழுந்த மூன்று தாளில் ஒன்றை ஓட்டுநர் வாங்கிக்கொள்கிறார். மூன்றிலும் ஒரே எண்தான் இருக்கும், வேறாக இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். லேசரில் மூன்று முறை அடித்துக் கொடுத்தால் அந்த நம்பிக்கை வராது. அதேபோல, சரக்கு இறக்கியவர் மேல்தாளில் போட்ட கையெழுத்து அடித்தாள் வரை இறங்குவதையும் லேசரால் செய்து தர முடியாது. நெருப்பு எச்சரிக்கைக் கருவியின் பதிவுச்சீட்டு இன்னொரு வகை. ஒரு சம்பவம், ஒரு வரி, அந்த நொடியே தாளில் விழ வேண்டும். லேசர் பக்கம் நிறையட்டும் என்று காத்திருக்கும். கட்டடம் காத்திருக்காது. ரயில்வே முன்பதிவு கவுன்டரில் எண்ணிட்ட டிக்கெட் தாள் சங்கிலியாக வருவதிலும் ஒரு கணக்கு உண்டு. நடுவில் ஒன்று காணாமல் போனால் எண் காட்டிக்கொடுத்துவிடும். இப்படிப்பட்ட இடங்களில் டாட் மேட்ரிக்ஸ் பழமையின் மிச்சமாக உட்கார்ந்திருக்கவில்லை, வேலைக்குப் பொருத்தமானதாக உட்கார்ந்திருக்கிறது. எப்சனும் டிவிஎஸ்ஸும் இன்றும் அவற்றை விற்பதற்கும், ராஜஸ்தானின் உதய்பூரிலிருந்து லிபி கம்பெனி லைன் பிரின்டர் செய்வதற்கும் காரணம் இதுதான்.

நண்பர் கடைசியில் இரண்டு பிரின்டர் வைத்துக்கொண்டார். சாதாரண ஏ4 லேசர் ஒன்று, பில்லுக்கு. பழைய டாட் மேட்ரிக்ஸைக் கிடங்கில் கொண்டுபோய் வைத்தார், ஓட்டுநர் கையெழுத்துப் போடும் சரக்குச் சீட்டுக்கு, எதுவும் அச்சடிக்காத மூன்று அடுக்குத் தாளோடு. பில் மென்பொருளில் டாட் மேட்ரிக்ஸ் அமைப்பை மாற்றி லேசருக்கு ஏற்றதாக்க அரை மணி நேரம் ஆனது. பிரின்டர் வாங்க ஆன அலைச்சலில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

மிச்சமிருந்த கடைப்பெயர் அச்சடித்த பெட்டிகளை என்ன செய்வது என்று கொஞ்ச நாள் யோசித்தார். எடைக்குப் போட மனசு வரவில்லை. அப்புறம் ஒருநாள் பிரித்து, எட்டாவது படிக்கும் மகனிடம் கணக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்துப் பையன் புகார் சொன்னானாம்: ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் அது மூன்று தாளிலும் விழுகிறது என்று.